அண்ணன் சுத்தம் செய்த கம்ப்யூட்டர்

அமெரிக்காவிலிருந்து அண்ணன் விடுமுறைக்கு வந்தால் வீட்டில் எதையாவது சரிசெய்யாமல் திரும்ப மாட்டான். அந்த முறை அவன் கையில் அகப்பட்டது கம்ப்யூட்டர்.

அவன் வேலைக்குச் சேர்ந்த புதிதில் வாங்கிப் போட்டது அது. அதனால் அம்மாவுக்கு அது என்றைக்கும் ‘அவன் கம்ப்யூட்டர்’தான். கணவனை விட்டு ஆழ்வார்குறிச்சிக்கே நான் திரும்பி வந்த பிறகு, துபாயிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் பிள்ளைகளுக்கு அதில் கணக்குச் சொல்லிக்கொடுத்துத்தான் பிழைத்தேன்.

அம்மாவைத் திருநெல்வேலிக்குக் கண் காட்ட நான் அழைத்துப் போயிருந்த நேரத்தில், அதிலிருந்த எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புது விண்டோஸ் போட்டிருந்தான்.

“எவ்வளவு குப்பை! எல்லாத்தையும் தூக்கிட்டேன். இனி பறக்கும் பாரு.”

அந்தக் குப்பையில்தான் வருடக்கணக்காக நான் எழுதிச் சேர்த்த பாடங்கள் இருந்தன. சொன்னதும் அவன் முகம் சற்று மாறியது. உடனே, “பேக்கப் எடுத்து வச்சிருக்கணும்லா?” என்று என்னையே கேட்டான். மறுநாள் விமானம் ஏறிவிட்டான்.

அவன் போன பிறகுதான் நெட்டும் இல்லை என்று தெரிந்தது. முன்பொரு ஐப்பசியில் இடி இறங்கி, உள்ளே இருந்த நெட்வொர்க் இணைப்பு கருகிப்போனது. அதற்குப் பதிலாகத் தனியாக ஒரு பழைய கார்டைப் பொருத்தியிருந்தோம். புது விண்டோஸுக்கு அந்தக் கார்டை அடையாளம் தெரியவில்லை. அதை இயக்க ‘டிரைவர்’ என்ற மென்பொருள் வேண்டும். போனில் அண்ணனைப் பிடித்தேன்.

“நெட்ல டவுன்லோட் பண்ணிப் போடு.”

“நெட்டே வரலங்கேன்.”

“வேற சிஸ்டத்துல எடு. எனக்கு மீட்டிங் இருக்கு.”

கார்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு திருநெல்வேலி பேட்டையில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். கடைக்காரர் அதை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. “இத இப்பம் யாரு வச்சிருக்கா? மொத்தமா தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குங்க. வீட்ல ஆம்பளையாளு யாரும் இல்லையாம்மா?” என்றார். கார்டைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு, ஊர் திரும்ப அம்பாசமுத்திரம் பஸ் ஏறினேன்.

எங்கள் வீட்டில் போனில் நெட் மொட்டை மாடியில்தான் கிடைக்கும். கார்டின் மேல் பொடி எழுத்தில் இருந்த எண்ணைக் குறித்துக்கொண்டு, அதைத் திரும்பப் பொருத்திவிட்டு, மாடி வெயிலில் உட்கார்ந்து தேடினேன். தயாரித்தவர்களே அதைக் கைவிட்டிருந்தார்கள். டிரைவர் தருவதாகச் சொன்ன தளங்கள் வேறு எதையெதையோ தலையில் கட்டின. இறக்கிய கோப்போடு கீழே வருவேன், போனைக் கேபிளில் இணைத்துக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்ப்பேன், சேராது. மறுபடி மாடி ஏறுவேன். இதற்கிடையில் துபாயிலிருந்து ஒரு தாய், வேறு டீச்சர் பார்த்துக்கொண்டதாகச் செய்தி அனுப்பினாள்.

“அவன் நல்லதுக்குத்தானட்டி செஞ்சான்? அவனப் போயி கரிச்சுக் கொட்டுத” என்றாள் அம்மா.

கடைசியில், யாரோ ஒருவர் பல வருடங்களுக்கு முன் ஒரு மூலையில் போட்டுவைத்திருந்த கோப்பு பொருந்தியது. கார்டின் பச்சை விளக்கு மினுக்கத் தொடங்கியது. எனக்குச் சந்தோஷம் வரவில்லை.

அன்று மாலை வகுப்பைத் தொடங்கப் போகும்போது, கூடத்தில் அம்மா சித்தியிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

“எல்லாம் அவன் அங்கன இருந்தே சரி பண்ணிக் கொடுத்துட்டான். இவளுக்கு என்ன தெரியும், பாவம்.”

எழுந்து போய் முன்னால் நின்றேன். “நான்தாம்மா சரி பண்ணினேன்.”

அம்மா போனைக் கையால் பொத்திக்கொண்டாள். “யாரு இல்லன்னா? அவன் சொல்லித்தான செஞ்ச?”

அறைக்கு வந்து கதவைச் சாத்தினேன். விட்டுப்போன பிள்ளைகளில் சிலர் திரும்பவே இல்லை. பாடங்களை முதலிலிருந்து எழுத ஆரம்பித்தேன்.

அடுத்த முறை அண்ணன் வந்தபோது அந்த அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். அவன் சிரித்தான். அவன் கிளம்பிப் போகிறவரை அம்மா என்னோடு பேசவில்லை.