பாதியில் நின்ற பெட்ரோல் முள்

எங்கள் குடும்பம் மலேசியாவிலுள்ள ஈப்போவுக்கு நான்கு முறை புறப்பட்டது. போய்ச் சேர்ந்தது ஒருமுறைதான். முதல் மூன்று பயணங்களும் சிங்கப்பூரில் எங்கள் வீடிருந்த தெம்பனிஸில் தொடங்கி, எல்லைச் சோதனைச் சாவடி இருக்கும் உட்லண்ட்ஸில் முடிந்தன. பழி முழுவதும் சின்ன மாமாவின் ஜீப்பையே சேரும் என்று பதினொரு வயதில் நான் உறுதியாக நம்பினேன்.

அந்த ஜீப் அம்மாவைவிட மூத்தது. கான்வாஸ் கூரை, குளிர்சாதனம் கிடையாது. பின்னிருக்கைகள் எதிரெதிராக அமைந்திருந்ததால், எதிரே இருப்பவர் வியர்ப்பதைப் பார்த்துக்கொண்டே நாமும் வியர்க்க வேண்டும். அத்தனை பழைய வண்டியை ஆண்டில் சில நாட்கள் மட்டுமே சாலையில் ஓட்ட அனுமதி உண்டு. உட்லண்ட்ஸ் வரை போய்த் திரும்பிய நாட்களையும் மாமா நாட்காட்டியில் வருத்தமின்றி அடித்துவிடுவார். அப்பா, வேலையைக் காரணம் காட்டி, இப்பயணங்களிலிருந்து கௌரவமாக விலகிக்கொண்டார்.

ஈப்போவில் இருந்தவர் பெரிய மாமா. ஒரு காலத்தில் அண்ணனும் தம்பியும் சிங்கப்பூரில் ஒன்றாக வேலை பார்த்து, ஒன்றாக அந்த ஜீப்பை வாங்கி, ஒன்றாகத் தாய்லாந்து எல்லைவரை ஓட்டிப் போனவர்கள். பிறகு அவர் ஈப்போவுக்குக் குடிபெயர்ந்தார்; பேச்சும் நின்றுபோனது. காரணத்தைப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லவில்லை. இருவருக்கும் நடுவில் பிறந்த அம்மா, பெரிய மாமா வீட்டின் ஒவ்வொரு நல்ல காரியத்தையும் சாக்காக வைத்துத் தம்பியை அங்கே அழைத்துப் போகப் பார்த்தார். முதலில் புதுமனை புகுவிழா, அடுத்து மகளின் பட்டமளிப்பு விருந்து, அதன் பிறகு நிச்சயதார்த்தம். சின்ன மாமா ஒருமுறைகூட மறுத்ததில்லை. ஜீப்பில்தான் போக வேண்டும் என்பதே அவருடைய ஒரே நிபந்தனை.

சிங்கப்பூர் வண்டி எல்லையைக் கடக்க வேண்டுமானால் டேங்கில் முக்கால் பங்குக்குக் குறையாமல் பெட்ரோல் இருக்க வேண்டும். மாமா ஒவ்வொரு முறையும் வாய்வரை நிரப்பினார். ஆனால் பெட்ரோல் முள் பாதிக்கு மேல் ஏறியதே இல்லை. சோதனைச் சாவடி அதிகாரி குனிந்து முள்ளைப் பார்ப்பார், தலையை ஆட்டுவார், திரும்பிப் போகச் சொல்வார். வெண்டைக்காய் முற்றல் என்று தேக்கா சந்தையில் கால் மணி நேரம் வாதாடக்கூடிய மாமா, ரசீதைக்கூட எடுத்துக் காட்டாமல் வண்டியைத் திருப்புவார்.

"என்னக்கா செய்றது? ரூல்ஸ்னா ரூல்ஸ்தான்லா."

பிறகு எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்துக் கல்மேசையில் அமர்ந்து, வழிப்பயணத்துக்குக் கட்டிய புளிசாதத்தை உண்போம். மின்தூக்கிக்குக் காத்திருக்கும் அண்டைவீட்டார், ஈப்போவிலிருந்து இவ்வளவு சீக்கிரம் வந்துவிட்டீர்களா என்று கேட்பார்கள். நாம் மட்டும் கோச் பேருந்தில் போகலாமே என்று நான் அம்மாவிடம் ஒருமுறை சினந்து கேட்டேன்.

"உன் மாமா இல்லாம நான் மட்டும் போய் அண்ணன் வாசல்ல நின்னு என்ன செய்ய?" என்றார். ஈப்போ அத்தைக்கு வாங்கிய சேலை மீண்டும் அலமாரிக்குப் போனது.

நான்காம் ஆண்டு ஜூன் விடுமுறையில், பெரிய மாமா மகளுக்குத் திருமணம். சித்தப்பா இல்லாமல் மணப்பெண்ணை மேடையேற்றினால் இனி ஒட்டவே ஒட்டாது என்று அம்மா தொலைபேசியில் யாரிடமோ சொல்வதைக் கேட்டேன்.

புறப்படுவதற்கு முந்தைய மாலை, வண்டியைத் துடைக்க உதவுகிறேன் என்றேன். முள் இருக்கும் கண்ணாடியைத் தொடக் கூடாது, பழைய கண்ணாடி, உடைந்துவிடும் என்று மாமா வழக்கம்போல் எச்சரித்துவிட்டு, எஞ்சினை ஓடவிட்டு, எண்ணெய்க் கசிவைப் பார்க்கக் கீழே குனிந்தார். துடைக்கும்போது என் விரல்முட்டி கண்ணாடியின் வலது ஓரத்தில் தற்செயலாக இடித்தது. முள் ஒருமுறை நடுங்கி, நிறைந்த டேங்கைக் காட்டியது. மாமா எழுந்து வண்டியை அணைத்துக் கிளப்பிவிட்டு, மறுபடி கீழே குனிந்தார். முள் மறுபடி பாதியில் நின்றது. மறுபடி தட்டினேன், ஏறியது. யாரிடமும் சொல்லவில்லை. பெரியவர்களிடம் சொன்னால் காரியம் கெடும் என்பதற்கு மூன்று ஆண்டுச் சான்று என்னிடம் இருந்தது.

மறுநாள் காலை, சீர்த்தட்டுகள் சரியாமல் பிடித்துக்கொள்ள அம்மா பின்னால் அமர்ந்தார். முன்னிருக்கை எனக்குக் கிடைத்தது. சோதனைச் சாவடியில் அதிகாரி குனிந்தார், தலையை ஆட்டினார். மாமாவின் கை கியரை நோக்கி நகர்ந்தது. நான் எட்டி, இருமுறை தட்டினேன். முள் ஏறியது. அதிகாரி சிரித்துவிட்டுக் கையசைத்தார்.

வண்டி நகரவில்லை. மாமா என்னைப் பார்த்தார். பாராட்டை எதிர்பார்த்த எனக்கு அந்தப் பார்வை சற்றும் விளங்கவில்லை. பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது.

"தம்பி," என்றார் அம்மா, மிகத் தணிந்த குரலில். "வண்டிய எடு."

அன்று அந்த ஜீப் ஓரிடத்திலும் மக்கர் செய்யவில்லை. இடப்புறத் தடத்தை விட்டு விலகாமல் ஊர்ந்த எங்களைச் சுற்றுலாப் பேருந்துகள்கூட முந்திச் சென்றன. ஓய்விடம் ஒன்றுவிடாமல் மாமா நிறுத்தினார். எஞ்சின் ஆற வேண்டுமாம். ஈப்போவுக்குச் சற்று முன்னால் வரும் தாப்பாவில் மீண்டும் பெட்ரோல் நிரப்பினார். முள் மீண்டும் பாதியில் நின்றது. வழி நெடுக அவர் என் பக்கம் திரும்பாமல் சாலையையே பார்த்து ஓட்டினார். உதவிசெய்தவளிடம் இப்படியா நடந்துகொள்வது என்று நான் உள்ளுக்குள் குமைந்துகொண்டிருந்தேன்.

வாழைமரம் கட்டிய வாசலில் பெரிய மாமா நின்றிருந்தார். சின்ன மாமா எஞ்சினை அணைக்கவுமில்லை, இறங்கவுமில்லை. பெரிய மாமா மெல்ல நடந்து வந்து, தம்பியின் முகத்தைப் பார்க்காமல், என் பக்கத்து ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, கண்ணாடியின் வலது ஓரத்தில் விரல்முட்டியால் இருமுறை தட்டினார். முள் ஏறியது.

"இன்னும் தட்டினாதான் ஏறுதாடா?"

"ஆமாண்ணே," என்றார் சின்ன மாமா.

அந்தத் தந்திரத்தைக் கண்டுபிடித்தது நான்தான் என்று உரக்கச் சொன்னேன். யாரும் காதில் வாங்கவில்லை. அம்மா சேலைப் பையை மடியில் இறுக்கிக்கொண்டு, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

ஊர் திரும்பிய மறுவாரமே மாமா அந்த முள்ளைச் சரிசெய்துவிட்டார். நானும் பட்டறைக்குப் போயிருந்தேன். அரை மணி நேர வேலை. இதற்காகவா மூன்று ஆண்டுகள் எங்களை அலைக்கழித்தார் என்று அன்று எனக்கு எரிச்சல் மட்டுமே வந்தது.