இன்னா என்றால் சிரிப்பு

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மட்டும்தான் ஆயம்மாளுக்குச் சொந்தம். மற்ற நேரமெல்லாம் திருவல்லிக்கேணியில் ஒரு பெண்கள் விடுதிக்குச் சமைத்துப் போடுவாள். புருஷன் செத்த வருஷம் மணலூர்பேட்டையிலிருந்து பட்டணம் வந்தவள். பதினொரு வருஷம் ஆகிவிட்டது. ஞாயிறு மத்தியானச் சாப்பாடு முடிந்து பாத்திரங்களைக் கவிழ்த்ததும், முகம் கழுவித் திருநீறு பூசிக்கொண்டு, நாலு தெரு தள்ளி ஒரு வாசகசாலையின் மொட்டைமாடிக்குப் போவாள். அங்கே நாடகம் நடக்கும். டிக்கெட் இரண்டு ரூபாய்.

மேடை கிடையாது, திரை கிடையாது. கோரைப்பாயில் உட்கார வேண்டும். நடிக்கிறவன் வேர்வை நம் மேல் தெறிக்கும். முதல் தடவை விடுதிப் பெண் ஒருத்தி துணைக்கு அழைத்துப் போனாள். அந்தப் பெண் அதோடு நிறுத்திவிட்டாள், ஆயம்மாள் நிறுத்தவில்லை. ஒரு நாடகத்தில் ஒருவன் வெறும் நாற்காலியோடு அரைமணி நேரம் சண்டை போட்டான்.

“புரிஞ்சுதா ஆயம்மா?” என்று மறுநாள் பெண்கள் சீண்டினார்கள்.

“புரியலன்னா இன்னா? அந்த நாற்காலிக்கே வலிச்சிருக்கும்!” என்று இட்லி ஊற்றிக்கொண்டே சிரித்தாள்.

எண்பத்தேழு செப்டம்பரில் இட ஒதுக்கீடு கேட்டு அவள் ஊர்ப் பக்கமெல்லாம் சாலை மறியல். அவள் தம்பி பச்சமுத்து, மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு வண்டி ஓட்டுகிறவன், ரோட்டோரப் புளியமரத்தை வெட்டிக் குறுக்கே சாய்த்தான். அந்த மரத்துப் புளியைத்தான் அவன் வீட்டில் குழம்புக்குக் கரைத்துக்கொண்டிருந்தார்கள். அவன் மகள் அம்சவள்ளி பிளஸ் டூ தேறியும் ஆசிரியர் பயிற்சியில் இடம் கிடைக்கவில்லை. அந்த ஆத்திரம்தான் அவனைக் கோடரி எடுக்க வைத்தது. பதினெட்டு நாள் கடலூர் ஜெயிலில் இருந்துவிட்டு வந்தான்.

இரண்டு மாதம் கழித்து மொட்டைமாடியில் அந்த மறியலையே நாடகமாகப் போட்டார்கள். ஆயம்மாள் சீக்கிரமே போய் முன்பாயில் உட்கார்ந்தாள். நம்ம ஊர்க் கதை.

ஊர் வாத்தியாராக வந்தவர் வெள்ளைச் சட்டையில் அச்சடித்த தமிழ் பேசினார். மரம் வெட்டுகிறவன் லுங்கியை மடித்துக் கட்டி, தள்ளாடிக்கொண்டு வந்தான். “இன்னா வாத்தியாரே, எங்க வூட்ல சரக்கு கீது, வர்றியா?” என்றான். கூட்டம் சிரித்தது. அப்புறம் அவன் ‘இன்னா’ சொன்னபோதெல்லாம் சிரித்தது. ஒரு பாட்டில் சாராயத்துக்காக மரத்தை வெட்டினான். மரம் விழுந்ததும் எல்லாரும் கை தட்டினார்கள்.

அங்கே நாடகம் முடிந்தால் பார்த்தவர்கள் கருத்துச் சொல்ல வேண்டும். அது வழக்கம். படித்தவர்கள்தான் எழுந்திருப்பார்கள், ஆயம்மாள் ஒரு நாளும் வாய் திறந்ததில்லை. அன்று எழுந்தாள்.

“இன்னாங்க இது...”

சொல்லி முடிக்கவில்லை, கூட்டம் கொல்லென்று சிரித்தது. அவளும் நாடகத்தில் ஒரு பாத்திரம், நடிக்க எழுந்திருக்கிறாள் என்று நினைத்துவிட்டார்கள். ஒருவர் கைகூடத் தட்டினார்.

ஆயம்மாளுக்குக் காது மடல் சுட்டது. “இன்னாத்துக்குச் சிரிக்கிறீங்க? எங்க ஊர்ல தாசில்தார் ஆபீஸ் கிளார்க்கும் இன்னாதான், வாத்தியாரும் இன்னாதான். குடிகாரன் மட்டுந்தான் இன்னான்னுவானா? எந்தம்பி ஒரு சொட்டு குடிக்கமாட்டான். அவந்தான் வெட்டினான். அவன் பொண்ணுக்குப் படிக்க எடம் இல்லன்னுட்டாங்க, வெட்டினான். அத்த ஏன் சொல்லல?”

நாடகத்தை நடத்தினவர், ஜிப்பா போட்டவர், பொறுமையாகச் சொன்னார்: “உணர்ச்சிவசப்படாதீங்கம்மா. அவன் தனி மனுஷன் இல்லை, ஒரு குறியீடு.”

“குறியீட்டுக்குப் பொண்ணு இருக்கக் கூடாதுங்களா?”

யாரும் சிரிக்கவில்லை. ஜிப்பாக்காரர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். “அடுத்த வாரமும் இதே நாடகம்தான். நீங்க வாங்கம்மா, டிக்கெட் வேணாம்.”

“டிக்கெட் வாங்கினுதான் வருவேன். ஓசியில வந்தா வாய மூடிக்கினு ஒக்காரணும்.”

அந்த வாரம் முழுக்கச் சாம்பாரில் உப்பு தூக்கலாக இருந்தது. போகாவிட்டால் இருக்கிற ஒரு சாயங்காலமும் போய்விடும். போனால் அந்தச் சிரிப்பை மறுபடி கேட்க வேண்டும். “எதுக்கு ஆயம்மா வம்பு? டி.வி.யில படம் போடுறான், பாருங்க” என்றாள் வார்டன்.

“நான் ஏன் போவாம இருக்கணும்?” என்று வெங்காயத்தை நறுக்கினாள் ஆயம்மாள்.

ஞாயிறு அதே முன்பாய். மரம் வெட்டுகிறவன் இந்தத் தடவையும் தள்ளாடிக்கொண்டுதான் வந்தான். ஆனால் வெள்ளைச் சட்டை வாத்தியார், அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “இன்னாப்பா, காலையிலயே?” என்றார். பின்னாலிருந்து ஒரே ஒருவர் சிரித்தார். ஆயம்மாள் திரும்பிப் பார்த்தாள். சிரிப்பு நின்றது.

சாராயப் பாட்டில் மட்டும் அப்படியே இருந்தது. மரம் விழுந்தது, கை தட்டினார்கள். ஜிப்பாக்காரர் “கருத்துச் சொல்லலாம்” என்று வாயைத் திறப்பதற்குள் ஆயம்மாள் எழுந்துவிட்டாள்.

“இன்னாங்க, பொண்ணு இன்னும் வரலியே?”