வீட்டில் யாரும் இல்லை

நீங்கள் நம்பியே ஆக வேண்டும் என்று கெஞ்சப் போவதில்லை. ஆனால் இதில் ஒரு வரிகூடக் கற்பனை கிடையாது. கற்பனையாக இருந்தால் என்னைக் கொஞ்சம் நல்லவனாகக் காட்டியிருப்பேனே!

என் பெயர் ஹோவர்ட். வடக்கு இங்கிலாந்தில், பொட்டல் மேட்டுக்குக் கீழே கடைசி வரிசையில் எங்கள் கல் வீடு. அன்று அக்டோபர் 31. பிள்ளைகள் பேய் வேஷம் போட்டு வீடு வீடாக மிட்டாய் கேட்டு வரும் நாள். என் மனைவி லோர்னாவுக்கு இதிலெல்லாம் ஒரே குஷி. முன் தோட்டத்தில் தெர்மோகோலில் மூன்று கல்லறைக் கற்களை நட்டிருந்தாள். வாசலில் நாற்காலி போட்டு ஒரு பிளாஸ்டிக் எலும்புக்கூட்டை உட்கார வைத்து, அதன் மடியில் மிட்டாய்க் கிண்ணத்தையும் வைத்திருந்தாள்.

“யார் வந்தாலும் எழுந்து போய்க் கதவைத் திற. சோம்பேறித்தனம் பண்ணாதே” என்று சொல்லிவிட்டு நூலக வேலைக்குப் போனாள்.

நான் சோம்பேறித்தனம்தான் பண்ணினேன். டிவியில் கால்பந்து ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் அழைப்பு மணியில் கேமரா உண்டு. மணியைச் சுற்றி நீல வளையம் ஒளிரும், வந்தவர் முகம் என் போனில் தெரியும். சோபாவில் சாய்ந்தபடியே பேசி அனுப்பிவிடலாம். எங்கள் தெருவில் எல்லோரும் அப்படித்தான்.

மாலை 5.20. வெளியே இருட்டிவிட்டது. மழை தூறிக்கொண்டிருந்தது.

டொக்... டொக்... டொக்.

மணி அடிக்கவில்லை. கதவைத் தட்டினார்கள். எங்கள் கதவை யாராவது தட்டிப் பல வருஷம் ஆகிறது.

போனில் பார்த்தேன். ஒரு இளம்பெண். தலையில் கனத்த சால்வை, காலில் மரக்கட்டைச் செருப்பு. சால்வைக்குள் ஒரு குழந்தை. அந்தக் காலத்து மில் கூலிக்காரி வேஷம். பிரமாதம் என்று நினைத்தேன். சால்வையின் மேல் பனிகூடத் தூவியிருந்தாள்.

ஒன்று மட்டும் இடித்தது. ஆள் வந்தால் தானாக எரியும் வாசல் விளக்கு... எரியவில்லை.

“ஐயா... மேட்டுல வழி தவறிட்டேன். குழந்தை விறைச்சுப் போச்சு. கொஞ்ச நேரம் அடுப்புப் பக்கத்துல...”

நன்றாக நடிக்கிறாள். பொத்தானை அழுத்தினேன்.

“கண்ணு, வீட்டுல யாரும் இல்ல. மடியில மிட்டாய் இருக்கு பாரு, ஒண்ணு எடுத்துக்கிட்டுக் கிளம்பு.”

அவள் துள்ளிப் பின்வாங்கினாள். பிறகு மெல்லக் குனிந்து நீல வளையத்துக்குள் பார்த்தாள். போன் திரை முழுக்க அவள் கண்.

“யாரு பேசறது?”

“அதான் யாரும் இல்லேன்னு சொன்னேனே!” என்று சிரித்தேன்.

அவள் ஜன்னல் பக்கம் திரும்பினாள். “நெருப்பே இல்லாம வெளிச்சம்... சுவத்துக்குள்ள குட்டி குட்டியா ஆளுங்க ஓடறாங்க...” என்று குழந்தையிடம் முணுமுணுத்தாள். அப்புறம்தான் தோட்டத்துக் கல்லறைகளைக் கவனித்தாள்.

“ஐயா, ஆண்டவர் பேரால கேக்கறேன்... இங்க உசுரோட யாருமே இல்லையா?”

அப்போதாவது எழுந்திருக்கலாம். சோபாவிலிருந்து கதவு பன்னிரண்டு எட்டுதான். ஆனால் டிவியில் பெனால்டி உதைக்கப் போகிறார்கள்.

“இல்ல” என்றேன்.

அவள் ஒரு மிட்டாயை எடுத்தாள். ஆரஞ்சு நிற ஜிகினாத் தாள் சுற்றியது. குழந்தையின் கையில் வைத்தாள்.

குழந்தை இருமியது. வறண்ட, மெல்லிய இருமல்.

அது நடிப்பில்லை.

5.26. எழுந்து ஓடினேன். வெளியே கட்டைச் செருப்புச் சத்தம்... டக்... டக்... டக்...

திறந்தேன்.

யாரும் இல்லை.

படிக்கல்லில் இரண்டு காலடித் தடம். பனியால் ஆனவை. மழையில் கரைந்துகொண்டிருந்தன.

கேமரா பதிவைப் போட்டுப் பார்த்தேன். வெறும் படி. மழை. என் குரல் மட்டும்... “வீட்டுல யாரும் இல்ல.”

லோர்னா வந்து கேட்டபோது, “கூட்டமே இல்ல” என்று சொல்லிவிட்டேன். சொல்ல வெட்கமாக இருந்தது.

மூன்று வாரம் கழித்து, நூலகத்தின் பழைய காகிதக் கட்டிலிருந்து ஒரு நகல் கொண்டுவந்தாள். 1846-ல் இறந்துபோன ஒரு குழந்தை பற்றிய விசாரணை. தாய் ஹெப்சிபா, மில் கூலி. சாப்பாட்டு மேஜையில் அவளுடைய வாக்குமூலத்தை லோர்னா வாசித்தாள்.

“அக்டோபர் 31 அன்று மேட்டிலிருந்து இறங்கி ஒரு வீட்டைத் தட்டினேன். முன்னால் கல்லறைகள் இருந்தன. வாசலில் ஒரு பிணம் உட்கார்ந்திருந்தது. கதவில் நீலக் கண். உள்ளே யாரும் இல்லை என்று அந்த வீடே சொன்னது. செத்தவர்களின் ஊர் என்று பயந்து மறுபடியும் மேட்டுக்கே ஓடினேன். விடிவதற்குள் குழந்தை போய்விட்டது.”

“நம்ம வாசல் மாதிரியே இருக்கு, பாரேன்! பாவம், குளிர்ல புத்தி பேதலிச்சிருக்கும்” என்றாள் லோர்னா. “உள்ள இருந்துக்கிட்டே யாரும் இல்லேன்னு எவன் சொல்லுவான்?”

நான் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடியில் ஒரு வரி பாக்கி இருந்தது. அதையும் வாசித்தாள்.

“குழந்தையின் மூடிய கைக்குள் மினுமினுக்கும் ஆரஞ்சு நிறத் தாள் ஒன்று இருந்தது. அது என்னவென்று யாராலும் சொல்ல முடியவில்லை.”