கண்ணாடிக்கு அப்பால் சுழன்ற காற்று

இப்படித்தான் ஆகும் என்று நான் முன்பே சொல்லியிருந்தேன். அரிசி ஆலையில் முப்பது வருடம் ஊதுவிசிறி ஓட்டியவன். காற்றின் குணம் எனக்குத் தெரியாதா? அக்கா மகள் செல்வி மட்டாஞ்சேரியில், கண் சொட்டு மருந்து நிரப்பும் கூடத்தில் வேலை பழகினாள். போன ஆவணியில் அவளுக்குக் கடைசித் தேர்வு. தேறினால் வேலை நிரந்தரம். பார்க்கப் புறப்பட்டேன்.

பாலக்காட்டில் காலை ஆறு பத்துக்கு ரயில், ஒன்பதரைக்கு எறணாகுளம். படகில் இருபத்தைந்து நிமிடம். காயலில் அலை பனைமர உயரம், நம்பினால் நம்புங்கள். படகுத்துறையிலிருந்து இரண்டு கிலோமீட்டர், ஆட்டோவுக்கு நாற்பது ரூபாய்.

"மருந்து கம்பனிக்கோ அண்ணாச்சி? அவிட காத்துக்குக்கூட பாஸ் வேணும் கேட்டோ," என்றார் ஓட்டுநர்.

செல்வி வாசலில் காத்திருந்தாள். "மாமா, கூரையிலேருந்து சுத்தக் காத்து மழை மாதிரி நேரா எறங்கும். நான் வெடுக்குனு திரும்பினா சுழி விழும். சுழி அழுக்கக் கொண்டுபோய் பாட்டில் வாய்ல போட்டுரும். அதான் உள்ள எல்லாரும் எருமை நடை."

"கல்யாணப் பொண்ணு நடைன்னு சொல்லு," என்றேன்.

தேர்வில் மருந்துக்குப் பதிலாக, கிருமி இருந்தால் வளர்ந்துவிடும் சத்துநீரை நிரப்ப வேண்டும். பதினான்கு நாள் வெதுவெதுப்பில் வைப்பார்கள். ஒரு பாட்டில் கலங்கினாலும் தோல்வி.

என்னை வெளியே கண்ணாடி ஓரம் நிறுத்தினார்கள். அவள் கை, கடிகாரத்தின் சின்ன முள் போல நகர்ந்தது. நடுவில் ஒருவர் தள்ளுவண்டியை விறுவிறுவென்று தள்ளிக்கொண்டு போனார். 'போச்சு' என்று அப்போதே நினைத்தேன்.

பதினான்காம் நாள் செல்வி ஃபோன் செய்தாள். மூன்று பாட்டில் கலங்கிவிட்டன.

"யாராவது விளிச்சாங்களான்னு மேற்பார்வை சேச்சி கேட்டாங்க மாமா. இல்ல, நானாத்தான் திரும்பினேன்னு சொல்லிட்டேன். நீங்க ஒண்ணும் நெனச்சுக்காதீங்க."

இப்போது அவள் பள்ளுருத்தியில் அட்டைப்பெட்டி மடிக்கிறாள். அங்கே மின்விசிறி வேகமாகச் சுற்றுகிறது. யாரும் எப்படியும் நடக்கலாம். போன வாரம் போனபோது எனக்குச் சாயா கொண்டுவந்தாள். இன்னும் அதே மெதுநடை.

போகிறவர்களுக்கு: பத்து மணிக்கு முன்னால் போனால் படகில் உட்கார இடம் கிடைக்கும். கூடத்துக்கு வெளியே கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். கண்ணாடியைத் தட்டாதீர்கள்.

தள்ளுவண்டி எதுவும் வரவில்லை. முறுக்குப் பொட்டலத்தைத் தூக்கிக் காட்டிக் கண்ணாடியைத் தட்டியது நான்தான். செல்வி சட்டென்று திரும்பினாள். முகமூடிக்கு மேலே அவள் கண் சிரித்தது.