அணையக்கூடாத அடுப்பு

பூமியின் தென்கோடியில் இருக்கும் கொய்ஹைக்கில் குளிர்காலம் பிறந்துவிட்டால் ஓர்ஃபெலினா கட்டிப்போட்ட மாடுதான். கட்டிப்போட்டது சமையலறையில் இருந்த விறகடுப்பு. அதற்குள் ஓடும் குழாயில் சூடாகும் தண்ணீர் வீடு முழுக்கச் சுற்றி, அறைக்கு அறை சுவரோரத் தகடுகளைச் சூடாக்கிவிட்டுத் திரும்பும். ஓர் இரவு அடுப்பு அணைந்தால் தண்ணீர் உறைந்து குழாய்கள் வெடித்துவிடும்.

விறகு பிளப்பது, சாம்பல் அள்ளுவது எல்லாம் அவள்தான். புருஷன் எலியேசருக்கு முழங்கால் வலி. மாத்தே தேநீர்க் குவளையைப் பிடிக்க மட்டும் உடம்பு ஒத்துழைக்கும். குழாய் மாட்ட ஆள் வந்த அன்று மட்டும் ஆம்பளை சமாச்சாரம் என்று அவளை வெளியே அனுப்பிவிட்டு, கூடவே நின்றான்.

குளிர் உச்சத்தில் இருந்த ஜூன் மாதம், பஸ்ஸில் ஒரு பகல் தூரமான கொச்ரேனிலிருந்து அக்கா மகள் போன் செய்தாள்.

"சித்தி, அம்மாவுக்கு ரொம்ப முடியல. உங்க பேரத்தான் சொல்லிட்டே இருக்கு. உடனே கெளம்பி வாங்க."

தாயில்லாத ஓர்ஃபெலினாவை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அக்கா சுனில்டா. ஓர்ஃபெலினா அன்றே பையைக் கட்டினாள்.

"போ, யாரு வேணாம்னா? ஆனா குழாய் வெடிச்சா என்னக் கேக்காத" என்றான் எலியேசர்.

"நாலு கட்டைய எடுத்துப் போட முடியாதா, கிழவா?"

"முட்டி வலி உனக்கா எனக்கா? ஈர விறகோட என்னால மல்லுக்கட்ட முடியாது."

பை கதவோரமே கிடந்தது. தினமும் போனில், "வரேன் அக்கா, குளிர் கொஞ்சம் தணியட்டும்" என்றாள். பாழாய்ப்போன குளிர் தணியவில்லை. சுனில்டா செத்துப்போனாள்.

"குழாய் வெடிச்சு வீடே நாசமாப் போகட்டும். நான் போறேன்" என்று கறுப்புக் கோட்டை மாட்டினாள் ஓர்ஃபெலினா.

எலியேசர் அதற்குள் தலைவாரி நின்றான். "நானும் வரேன். சாவுக்குப் போகலன்னா ஊரு காறித் துப்பும்."

பிறகு தணல் அடங்கிய அடுப்புக்குப் பின்னால், அதே முழங்காலை மடக்கி உட்கார்ந்தான். ஒரு ரப்பர் குழாயைச் செருகி, அதன் மறுமுனையை முற்றத்தில் போட்டு, எதையோ திருகினான். தண்ணீர் பனிமேல் கொட்டியது.

"என்ன பண்றே?"

"தண்ணிய வடிக்கறேன். தண்ணியே இல்லன்னா எது உறையும்? மாட்டினவன் அன்னிக்கே காட்டிக் குடுத்தான்."

"அப்ப ஏன் சொல்லல?"

"தண்ணி இல்லாம அடுப்பு மூட்டினா உள்குழாய் கருகிடும். நீ பாட்டுக்கு வடிச்சிட்டுப் போயிருந்தா நான் எதுல குளிர் காயறது?" என்றான், ஏதோ நியாயம் பேசுகிறவன்போல.

பஸ்ஸில் தனி இருக்கையில் உட்கார்ந்தாள்.

கொச்ரேனில் சவப்பெட்டியை மூடியிருந்தார்கள். அக்கா மகள் அழுது வீங்கிய முகத்தோடு, "ஏன் சித்தி வரல? அம்மா வாசலையே பாத்துட்டுக் கெடந்துச்சு" என்றாள்.

"குழாய் வெடிச்சிருமேன்னுதான்மா..." என்று ஆரம்பித்தான் எலியேசர்.

"இல்ல கண்ணு. உன் சித்தப்பனுக்குக் கால் சில்லிட்டுப் போயிருமாம். அதான் வரல" என்றாள் ஓர்ஃபெலினா, கூடியிருந்த எல்லோருக்கும் கேட்கும்படி.

எலியேசர் தலையைக் குனிந்துகொண்டான். குனிந்து என்ன பயன்? தங்கை வருவாள் என்று காத்திருந்தவள் பெட்டிக்குள் கிடந்தாள்.