உப்பில்லாத சோற்று டப்பா

“...டாக்டரு வாணாம்னது பாக்கெட் உப்பை. அதுலதான் கெமிக்கல் கலக்குறான். இது நம்ம பாத்தி உப்பு, என் கையால வாரினது. இது என்னை இன்னா பண்ணிடும்?” என்று என் வீட்டுக்காரர் கூட வேலை செய்பவர்களிடம் நியாயம் பேசிக்கொண்டிருந்தபோது, நான் அவர் முதுகுக்குப் பின்னால் வரப்பில் நின்றுகொண்டிருந்தேன். போன வருஷம் சித்திரை மாதம், மரக்காணம் உப்பளத்தில், காலை ஒன்பதரை மணி இருக்கும், விடிந்ததும் வேலைக்கு இறங்கினவர்கள் சோற்று டப்பாவைப் பிரிக்கிற நேரம். வெயில் அப்போதே உப்பில் பட்டுக் கண்ணைக் குத்தியது. அவர் மடியில் நான் விடியற்காலையில் எழுந்து கட்டிக் கொடுத்த சோற்று டப்பா. கையில், பக்கத்துக் குவியலில் இருந்து எடுத்த உப்பு. கிள்ளி எடுத்ததாக இருந்தாலாவது மனசு ஆறும். அள்ளி எடுத்திருந்தார்.

ஆத்திரத்தில் எனக்குப் பேச்சே வரவில்லை. அது எவ்வளவு பெரிய அதிசயம் என்று என்னிடம் ஜாக்கெட் தைக்கக் கொடுப்பவர்களைக் கேட்டால் தெரியும். அளவு எடுக்க ஐந்து நிமிஷம், பேச அரை மணி நேரம் என்று என்னைக் கேலி செய்வார்கள். பள்ளிக்கூடத்தில் படித்ததைவிட, வருகிறவர்கள் பேச்சைக் கேட்டுப் படித்ததுதான் எனக்கு அதிகம்.

அதற்கு ஆறு மாதம் முன்னால்தான் அவருக்குப் பிரஷர் இருப்பது தெரிந்தது. தலை சுற்றுகிறது என்று வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாராம். ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு டாக்டர் நிதானமாகத்தான் சொன்னார். உப்பைப் பாதியாகக் குறைக்க வேண்டும், கருவாடு, ஊறுகாய், அப்பளம் பக்கம் போகக் கூடாது, மாத்திரையை ஒரு நாளும் விடக் கூடாது, பிரஷர் இப்படியே இருந்தால் கிட்னி தாங்காது.

இதில் என் வீட்டுக்காரர் பாதியைத்தான் காதில் வாங்கினார். நான் என்ன செய்தேன் என்றால், ஒன்றுக்கு இரண்டாக வாங்கிக்கொண்டேன். டாக்டர் பாதி என்றார். நான் ஒரேயடியாக நிறுத்தினேன். உப்பு ஜாடியைத் தூக்கிப் பரண் மேல் போட்டேன். குழம்பில் உப்பு இல்லை, ரசத்தில் இல்லை, பொரியலில் இல்லை. அதையே நானும் தின்றேன். கல்யாணம் ஆன நாளில் இருந்து குழம்பில் ஒரு கல் குறைந்தாலும் தட்டைத் தள்ளி வைக்கிற மனுஷன், சப்பென்ற அந்த ரசத்தைக் குடித்துவிட்டு, “பழகிடுச்சுமே” என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. தைக்க வந்தவர்களிடம் எல்லாம் அதைப் பெருமையாகச் சொன்னேன். கலங்கின கண்ணை நினைத்தால் இப்போது எனக்கே எரிச்சல் வருகிறது.

ஏனென்றால் பிரஷர் இறங்கவே இல்லை. டாக்டர் மாத்திரையைக் கூட்டினார். அடுத்த முறை இன்னொன்று சேர்த்தார். ரத்தப் பரிசோதனைச் சீட்டை வாங்க நான் மட்டும் போயிருந்த அன்று, நர்ஸம்மா என்னை உட்கார வைத்து, “கிட்னி லேசா தொந்தரவு காட்டுதும்மா. மூணு மாசம் பாப்போம். கட்டுப்படலன்னா பாண்டிச்சேரிக்குத்தான் எழுதித் தரணும். நீ இன்னாதான் சமைக்கிற?” என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் எதிர்வீட்டுக்காரர் வாரம் இரண்டு முறை பாண்டிச்சேரிக்குப் பஸ் ஏறி, ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு, சாயங்காலம் சுவரைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் போவதை நான் தையல் மெஷினில் இருந்தபடியே பார்க்கிறவள். “சாமி சத்தியமா ஒரு கல்லு போடறதில்லீங்க” என்றேன். நர்ஸம்மா சிரித்தார். “பகல் சோறு எங்க துன்றாரு உன் வீட்டுக்காரரு? அதைப் போய்ப் பாரு” என்றார். வெயிலில் வேர்க்கிற உடம்பாயிற்றே, உப்பு வேண்டாமா என்று கேட்டதற்கு, “தண்ணியை நல்லா குடிக்கச் சொல்லு. இவருக்கு இருக்கிற பிரஷருக்கு அவரா உப்பை அள்ளிப் போட்டுக்கக் கூடாது. தலை சுத்துனா நேரா இங்க வரணும்” என்றார்.

மறுநாளே போய்ப் பார்த்தேன். பார்த்ததைத்தான் மேலே சொன்னேன்.

“ஏங்க” என்றேன். திடுக்கிட்டுத் திரும்பினவர் கையை மூடிக்கொண்டார், சின்னப் பிள்ளை மாதிரி.

“இன்னாங்க அது கையில?”

“ஒண்ணுமில்லமே. சும்மா, ஒரு வாசனைக்கு.”

“உப்புக்கு ஏதுண்ணா வாசனை?” என்று பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த பெண் கேட்டாள். கூட வேலை செய்பவள், அவரை அண்ணன் என்றும் என்னை அண்ணி என்றும் கூப்பிடுகிறவள். இன்னொருவர், “போலீசு வந்துடுச்சி, எல்லாம் கையைத் தூக்குங்கப்பா” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

“பாத்தி உப்பு ஒண்ணும் பண்ணாதா? நீங்க வாரின உப்புன்னு உங்க கிட்னிக்குத் தெரியுமா? ஆறு மாசமா நானும் நாக்கு செத்துப் போயி உங்களோட தின்னுக்கிட்டு இருக்கேன். ஊரெல்லாம் உங்களைப் பத்திப் பெருமை பேசினு திரியறேன். நீங்க இங்க உக்காந்து அள்ளிப் போட்டுக்கிறீங்க!”

அவர் மூடின கையை இன்னும் இறுக்கிக்கொண்டார். அந்தப் பெண்தான் பேசினாள்.

“அண்ணி, கோச்சுக்காதீங்க. இங்க வர்ற சோத்துல எந்த வூட்டுலதான் உப்பு போடறோம்? நீங்க என்னிக்குப் போட்டீங்க?”

அங்கேதான் எனக்கு அடி விழுந்தது. உப்பளத்துக்குப் போகிற சோற்றில் எங்கள் பக்கத்துப் பெண்கள் யாரும் உப்புப் போடுவதில்லை. சோற்றில் தண்ணீரை ஊற்றி டப்பாவை மூடுவோம், அவ்வளவுதான். அங்கே மலையாகக் குவிந்து கிடக்கிறது, வேண்டியவர் வேண்டிய மட்டும் எடுத்துப் போட்டுக்கொள்வார். இருபத்திரண்டு வருஷமாக நான் கட்டிக் கொடுத்ததும் அப்படித்தான். பழகிப் பழகி, அது எனக்கு ஞாபகத்துக்கே வரவில்லை. பரண் மேல் ஏறின ஜாடியை மட்டும் கணக்கில் வைத்துக்கொண்டு, உப்பை ஒழித்துவிட்டதாக நினைத்திருக்கிறேன்.

அவள் விடவில்லை. “முன்ன தொட்டுக்கிற குழம்புலயாச்சும் உப்பு இருந்துது. அதையும் நிறுத்திட்டீங்க. ராத்திரியும் சப்புனு இருக்கும்னு தெரிஞ்சி, அண்ணன் எல்லாத்துக்கும் சேத்து இங்கயே போட்டுக்கிறாரு. முன்ன இவ்ளோ அள்ள மாட்டாரு.”

அப்படியானால் ஆறு மாதமாக நான் பார்த்த வைத்தியத்தில் அவர் சாப்பிடுகிற உப்பு கூடித்தான் இருக்கிறது! யாரைத் திட்டுவது? திட்டுவதற்கென்றே அவ்வளவு தூரம் வெயிலில் நடந்து வந்தவள், அந்த வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவர் மேல் இருந்த கோபம் குறையவில்லை. அதில் பாதியைப் பிரித்து எனக்கும் கொடுத்துக்கொண்டேன்.

“நாளையில இருந்து நானே அளந்து போட்டுத் தர்றேன்” என்றேன். “ஒரு நாளைக்கு மூணு வேளைக்கும் சேத்து ஒரு சின்ன ஸ்பூன்கூட முழுசா வராது. கம்மியாதான் தெரியும். எலுமிச்சம்பழம் புழியறேன், மிளகு தட்டிப் போடறேன், சின்ன வெங்காயம் வெச்சி அனுப்பறேன். ஆனா இந்தக் குவியல்ல கை வைக்கக் கூடாது. எதிர்வூட்டுக்காரரோட பஸ் ஏறணும்னு ஆசையா உங்களுக்கு?”

சிரித்துக்கொண்டிருந்தவர்களும் நிறுத்திவிட்டார்கள். எதிர்வீட்டுக்காரரும் ஒரு காலத்தில் இதே பாத்தியில் உப்பு வாரினவர்தான்.

என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்தபடியே சொன்னார்: “கை தானா போவுதுமே. நான் இன்னா பண்ணட்டும்?”

ஆறு மாதத்தில் அவர் என்னிடம் சொன்ன முதல் நிஜம் அதுதான். ‘பழகிடுச்சு’ என்று சொல்லி என்னைக் குளிர வைத்ததைவிட இது எவ்வளவோ மேல்.

இப்போது பிரஷர் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. மாத்திரை தொடர்கிறது, பரிசோதனை தொடர்கிறது, சண்டையும் தொடர்கிறது. தைக்க வருகிற யாராவது, “எங்க வூட்டுல சக்கரையே சேக்கறதில்ல, அப்பவும் அவருக்கு சுகர் குறையல” என்று அலுத்துக்கொண்டால், நான் டேப்பைக் கீழே வைத்துவிட்டு, அவர் வெளியே எங்கே உட்கார்ந்து என்ன சாப்பிடுகிறார் என்று ஒரு நாள் போய்ப் பார்க்கச் சொல்கிறேன். போகும்போது திட்டுவதற்கு மட்டும் போகாதே, கேட்பதற்கும் போ என்கிறேன். அடுக்களையில் நிற்கிறவளுக்கு அடுக்களை மட்டும்தான் தெரியும் என்பதை, ஐம்பது வயதை நெருங்கும்போதுதான் அந்த வரப்பில் நான் கற்றுக்கொண்டேன்.

கை தானாகப் போகிறது என்று சொன்ன பிறகு அன்றைக்கு அவர் என்ன செய்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவர் மூடின கையைத் திறந்து, உப்பைக் குவியலிலேயே உதறினார். லுங்கியில் கையைத் துடைத்தார். பிறகு டப்பாவைத் தூக்கிக்கொண்டு எழுந்து, பத்து அடி தள்ளிப் போய், குவியலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, அந்தச் சப்பென்ற சோற்றைப் பிசைய ஆரம்பித்தார்.