எதிர்ச் சுற்று

ஏரிக்கரை நடைபாதையில் காலையில் நடக்கிறவர்கள் எல்லோரும் சட்டம் போட்டதுபோல ஒரே திசையில்தான் போவார்கள். உண்மையில் யாரும் சட்டம் போடவில்லை. என்றோ ஒருநாள் முதல் ஆள் பூங்கா வாசலிலிருந்து இடது பக்கம் திரும்பியிருப்பார். மற்றவர்கள் ஆட்டுமந்தை மாதிரி பின்னால் போனார்கள், அவ்வளவுதான். அந்தக் கூட்டத்துக்கு எதிரே, வலது பக்கமாகப் போய்ச் சுற்றி வருகிற ஒரே ஆள் தையல்கார அம்மாளின் கணவர். பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். புருஷன் ஒரு திசை, பெண்டாட்டி ஒரு திசை என்பதால் பூங்காவில் அவர்களுக்கு 'எதிரும் புதிரும்' என்று பெயர் விழுந்திருந்தது.

அந்த அம்மாள் ஆசைப்பட்டு நடக்க வந்தவள் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து முன்னறையில் தையல் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்தே அவள் காலம் போய்விட்டது. பள்ளிச் சீருடை, ஜன்னல் திரை, யார் யாருடைய கால்சட்டைக்கோ ஜிப் மாற்றுவது. மிதித்து மிதித்து முட்டி தேய்ந்ததுதான் மிச்சம். கணவருக்கு மாரடைப்பு வந்து மயிரிழையில் பிழைத்தபோது, தினமும் நடக்க வேண்டும், உப்பைக் குறைக்க வேண்டும் என்று டாக்டர் கறாராகச் சொன்னார். தனியாக விட்டால் எங்கேயாவது விழுந்து கிடப்பாரே என்ற பயத்தில் இவளும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

முதலில் சேர்ந்துதான் நடந்தார்கள். அவர் விறுவிறுவென்று முன்னால் போய் நின்று "வா, வா" என்பார். இவள் முட்டியைப் பிடித்துக்கொண்டு அவரையும் அவர் குலத்தையும் வைதுகொண்டே வருவாள். கடைசியில் அவர்தான் வழி கண்டுபிடித்தார்.

"நீ அந்தப் பக்கமா போ. நான் எதிர்ல வரேன். மூங்கில்கிட்ட பாத்துக்கலாம்."

"இது என்ன பஸ் ரூட்டா?"

"பின்னால வர்ற வண்டி கண்ணாடியில கொஞ்சூண்டுதான் தெரியும். எதிர்ல வர்றதுதான் முழுசா தெரியும்."

ஏரியின் மறுகரையில் ஒரு மூங்கில் புதர். அவர் வேகத்துக்கும் இவள் வேகத்துக்கும் அங்கேதான் சரியாகச் சந்திப்பார்கள். எதிரெதிரே வரும் இரண்டு ஓட்டுநர்கள் செய்வதுபோல அவர் ஒரு கையை லேசாகத் தூக்குவார். இவளும் உர்ரென்ற முகத்தோடு கையைத் தூக்குவாள். ஆனால் அந்த நிமிடம்தான் அவளுக்கு உயிரே வரும். மனுஷன் இருக்கிறார், இன்றைக்கும் இருக்கிறார்.

சண்டை வந்த நாட்களில் மட்டும் கதை வேறு. அவர் முன்னால் போய் மந்தையோடு மந்தையாக இடது பக்கம் திரும்பிவிடுவார். முகத்தைப் பார்க்க வேண்டாம், கையும் காட்ட வேண்டாம். மூங்கில் வந்தும் அவர் எதிரே வரவில்லை என்றால் கோபம் இன்னும் தணியவில்லை என்று அர்த்தம். இத்தனை வருடத்தில் இதை இருவரும் பேசி வைத்துக்கொண்டதே இல்லை.

அன்று காலை உப்பினால் வந்தது சண்டை. அடுப்பில் இருந்த குழம்பில் அவர் திருட்டுத்தனமாக உப்பை அள்ளிப் போடுவதைப் பார்த்துவிட்டாள். அவளுக்கு வாய் நீளம்.

"போறதுன்னா ஒரேயடியா போய்ச் சேருங்க. தினம் தினம் என் உயிரை வாங்காதீங்க!"

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். இவள் பூங்கா வாசலுக்கு வந்தபோது அவர் உள்ளே போயாகிவிட்டது. எந்தப் பக்கம் போனார் என்று தெரியவில்லை. தூறல் என்பதால் பாதையில் ஆளே இல்லை. மூங்கில் வந்தது. அவர் வரவில்லை. பயம் வரவேண்டிய இடத்தில் கோபம் வந்து உட்கார்ந்துகொண்டது. இவ்வளவு வீம்பா, இவர் பின்னாலேயே போக நான் என்ன நாய்க்குட்டியா என்று முணுமுணுத்தாள். சுற்றை முடிக்காமல், வந்த வழியே திரும்பி வீட்டுக்கு வந்து மெஷினில் உட்கார்ந்தாள்.

மூங்கிலைத் தாண்டி முதல் வளைவிலேயே அவர் விழுந்து கிடந்திருக்கிறார். யாரோ பார்த்து, தூக்கி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், இவளுக்குச் சொல்லி அனுப்பியபோது எல்லாம் முடிந்துவிட்டது. கொஞ்சம் முன்னாலேயே கொண்டுவந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்றார் டாக்டர். இதை ஏன்தான் சொல்கிறார்களோ.

"நீயும் அங்கதானம்மா நடந்தே, எப்படிப் பாக்காம விட்டே?" என்று மகள் அழுதாள்.

"கோவிச்சுக்கிட்டு எனக்கு முன்னாலயே சுத்திட்டுப் போயிட்டார்னு நெனச்சேன்" என்றாள். திரும்பி வந்ததை மட்டும் சொல்லவில்லை. அவளை அரித்ததெல்லாம் ஒன்றுதான்: கடைசியாக அவர் எந்தத் திசையில் நடந்தார்? இடது பக்கமாகப் போயிருந்தால் அவரும் கோபத்தோடு போனார். வீம்பில் பாதி அவருடையது. அந்தப் பாதியைப் பிடித்துக்கொண்டுதான் அவள் எழுந்து நடமாடினாள். பாவம், பிடித்துக்கொள்ள வேறு எதுவும் இல்லை.

காரியமெல்லாம் முடிந்தபின் ஒருவர் துக்கம் விசாரிக்க வந்தார். பூங்காவில் தினமும் ஓடுகிற வங்கிக்காரர். விழுந்து கிடந்தவரைக் கண்டு தூக்கியவர் இவர்தான்.

"முதல் சுத்துல எதிர்ல வந்தார்மா. நல்லாத்தான் இருந்தார். 'என்ன சார், அம்மா வரலையா'ன்னு கேட்டேன். அப்புறம் மழைக்குக் கொஞ்சம் ஒதுங்கிட்டு மறுபடி ஓடி வந்தா, கெடக்கறார்."

"எதிர்லயா வந்தார்?"

"ஆமாம்மா. எப்பவும் போல."

"நீங்க கேட்டதுக்கு என்ன சொன்னார்?"

"சிரிச்சார். 'வருவா. என்னைத் திட்டிக்கிட்டே எதிர்ல வந்துட்டிருப்பா, பாருங்க'ன்னார்."

அவள் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள். வங்கிக்காரர் சங்கடத்தோடு, "மனசைத் தேத்திக்குங்கம்மா" என்றார்.

"மூங்கில் வரைக்கும் வந்தேன் தம்பி. அதோட திரும்பிட்டேன்."

"திரும்பிட்டியா?" என்றாள் வாசலில் நின்ற மகள்.